எழுநூற்று அறுபத்தெட்டுக் கட்டங்கள்

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்றது அட்டவணை.
ஏழு ஐம்பத்தாறுக்கே போய்விட்டது.
மேசைமேல் இருந்த சில்லு
தான் யாரென்பதை அந்த நொடியே மறந்தது.

அதைக் குறை சொல்ல முடியாது, பிறவி அப்படி.
உள்ளே ஆயிரமாயிரம் வாசல்கள்,
ஒன்றுக்கொன்று உறவில்லை.
நான் எழுதிய கோப்பைப் படித்தபிறகுதான்
இன்னது இன்னதோடு என்று முடிந்துகொண்டு
எண்பத்திரண்டின் கணினியாய் எழுந்து உட்காரும்.
கரண்ட் போனால் மறுபடி மணல்.

எனக்குத் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது.
தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் கிடைத்தது,
வெரிலாக் யூடியூபில்.
இரண்டிலும் உச்சரிப்பு சரியில்லை என்பார்கள்.

டார்ச் தேடும் நேரத்தில் சொல்லிவிடுகிறேன்.
எண்பத்தைந்தில் அண்ணன் தயாளன்
கிரே தெருவில் தவணைக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்தான்.
அழிரப்பர்போல் அமுங்கும் விசைகள்.
டேப் ஐந்து நிமிடம் கீச்சிட்டுவிட்டு
கடைசியில் பிழை என்று சொல்லும்,
நாங்கள் மறுபடி சுற்றிப் போடுவோம்.
அதில் ஒரு விளையாட்டு எழுதினேன்:
மஞ்சள் பாவாடைப் பெண் கடற்கரையில் நடக்கிறாள்.
அவ்வளவுதான் விளையாட்டு.

திரையில் எழுநூற்று அறுபத்தெட்டுக் கட்டம்.
ஒரு கட்டத்தில் இரண்டு நிறம்தான் குடியிருக்கலாம்.
மூன்றாவது நுழைந்தால்
அலை மஞ்சளாகும்,
இல்லையென்றால் அவள் நீலமாவாள்.
"இது தப்பு" என்றேன்.
"தப்பில்லை, மெமரி மிச்சம்" என்றான் தயாளன்.

நிஜக் கடற்கரையிலும் அப்போது பலகைகள் இருந்தன,
யார் எங்கே குளிக்கலாம் என்று.
நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பதினான்கு வயது.
என் கவலையெல்லாம் பாவாடை.

இப்போது நாங்கள் மூன்று பேர்.
புளூம்ஃபொன்டைனில் ஹென்னி,
பழைய சில்லின் நாடியைப் பிடித்துப் பிடித்து
அலைவரிப் படங்கள் அனுப்புகிறார்.
உம்லாசியில் ந்தோம்பிஃபுதி, ஒலி அவள் பொறுப்பு.
பூஞ்சை பிடித்த என் கேசட்டிலிருந்து
அந்தக் கீச்சொலியைக் கழுவி எடுத்தவளும் அவள்தான்.
அசலின் தடுமாற்றம்கூடப் பிசகாமல் வந்தபின்
ஒரு வாரம் உட்கார்ந்து
புதிய முறை ஒன்று சேர்த்தோம்:
ஒவ்வொரு புள்ளிக்கும் தன் நிறம். எட்டு மடங்கு வேகம்.

நேற்று அதில் என் பெண்ணை நடக்கவிட்டேன்.
பாவாடை மஞ்சள், அலை நீலம்,
ஒன்றை ஒன்று தொட்டும் ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் கடற்கரையை அரை நொடியில் கடந்துவிட்டாள்.
அந்த மந்தத்தை நம்பித்தான்
நான் நடையே எழுதியிருந்தேன்.
வேகத்தைக் குறைத்து மறுபடி விட்டோம்.

"இருபதாம் கட்டத்தில் ஏன் திரும்புகிறாள்?"
ந்தோம்பிஃபுதி போனில் கேட்டாள்.
இன்னும் பன்னிரண்டு கட்டம் பாக்கி இருந்தது.
சில்லில் தேடினேன், ஹென்னியின் படங்களில் தேடினேன்.
கடைசியில் என் நிரலில் இருந்தது.
வரி முந்நூற்று நாற்பது: இருபது வந்தால் திரும்பு.
யாரும் எழுதச் சொல்லவில்லை.
"அங்கே பலகை இருந்தது" என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்களுக்கு அதற்கும் முன்னாலேயே" என்றாள்.

அந்த வரியை அழித்தோம்.
இருபத்தொன்றில் கால் வைத்தாள் பெண்.
அங்கே வெறும் தாள்.
கடலை நான் அந்தப் பக்கம்
வரையவே இல்லை.

இதோ, கரண்ட் வந்துவிட்டது.
ஃபிரிட்ஜ் உறுமுகிறது, பக்கத்து வீட்டில் யாரோ கைதட்டுகிறார்கள்.
சில்லு கோப்பைப் படித்துத்
தன்னை நினைவுபடுத்திக்கொள்கிறது.
அடுத்த வெட்டு நள்ளிரவுக்கு.
அதற்குள் பன்னிரண்டு கட்டம் தண்ணீர்,
கொஞ்சம் நுரையும் வேண்டும்.