னைக்கு

லேடீஸ் சைக்கிளுக்கு நடுவில் முக்கோணம் கிடையாது.
இருபத்திரண்டு வருஷம் அதில்தான் போய்வந்தேன்,
ஆரையம்பதி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி லாப் வரைக்கும்.
ஒரு குறையும் தெரியவில்லை.

அலைச்சறுக்கு விளையாட வந்த ஒருத்தன்
அறுகம்குடா ஹோட்டலில் வாடகைக் கடனுக்கு
விட்டுப்போன சைக்கிள் அது.
ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு வாங்கினேன்.
அப்போதுதான் எனக்கென்று ஒரு முக்கோணம்:
மூன்று குழாய், நடுவில் காற்று.
அந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது என்றது குழு.

குழு என்றால் ஏழு பேர்.
சனிக்கிழமை வெள்ளென, நாலரைக்கு,
கல்லடிப் பழைய பாலத்து இரும்புக்குள்
தூண்டில்காரருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நிற்போம்.
செய்தியெல்லாம் அங்கேதான்.

டெரிக்குக்கு மெல்பேர்னிலிருந்து சீற்றடிப் பை வந்திருக்கிறது;
பையை விடச் சுங்கவரி கூட.
ரிஃப்கா டியூபைக் கழற்றி எறிந்துவிட்டாள்,
டயருக்குள் ஏதோ பால் ஊற்றி ஓடுகிறாள்,
நெருஞ்சி குத்தினால் தானாய் அடைக்குமாம்.
தவநேசன் நம்பவில்லை. டியூப் இரண்டு கொண்டுவருகிறார்.
இரண்டாவது யாருக்கென்று சொல்வதில்லை.
விஜிதாவின் புதுக் கூடாரம் தொள்ளாயிரம் கிராம்.
ஆளுக்காள் கையில் ஏந்திப் பார்த்தார்கள்.
அந்த நிறையில் குறைமாதப் பிள்ளையொன்று
எங்கள் வார்டில் பிழைத்தது.
நான் ஏந்தியபோது கொஞ்சம் கூடநேரம் வைத்திருந்தேன்.

வெளிநாட்டுப் பை எனக்குக் கட்டாது.
காத்தான்குடியில் ஓட்டோவுக்கு ஹூட் தைக்கிற
சப்வானிடம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.
பால்மாப் பெட்டி மட்டையைக் குழாய்களோடு சேர்த்துப் பிடித்து
பென்சிலால் சுற்றி இழுத்தான்.
"உள்ளுக்கு என்ன வைக்கப்போறீங்க?"
சாவி, பம்ப், பிஸ்கட் என்றேன்.
"அதுக்கு இவ்வளவு இடமா?"
மறுகா ஒன்றும் கேட்கவில்லை. தைத்தான்.

கறுப்பு ரக்சின், இரட்டைத் தையல்,
யாருடையவோ பழைய ஹூட்டில் வெட்டின துண்டு.
வலப்பக்கம் மஞ்சள் பெயின்ற்றில்
கத்தரி விட்டுவைத்த மிச்சம்:
னைக்கு.

பாணமைக்குப் புறப்பட்ட நாள்
ஏழு பேருக்கும் அதுதான் பேச்சு.
ஆனைக்கு, என்றாள் ரிஃப்கா. ஆனைக்கொரு காலம்;
மற்றப் பக்கம் பூனை இருந்திருக்கும்.
சேனைக்கு, என்றார் தவநேசன்,
உன்னிச்சைப் பக்கம் சோளம் போட்டிருப்பவர்.
வினைக்கு, என்றான் டெரிக், நிந்தவூர்த் தேத்தண்ணியை உறிஞ்சியபடி.
யார் வினை என்று கேட்டதற்குச் சிரித்தான்.
திருக்கோவில் தாண்ட எதிர்க்காற்று.
பிறகு யார் வாயிலும் சொல் நிற்கவில்லை.

கோமாரியில் போத்தல் ஓடு.
ரிஃப்காவின் டயர் பாலாய்ச் சீறியது,
சப்பாத்தெல்லாம், விஜிதாவின் முகமெல்லாம்.
அடைக்கவில்லை.
தவநேசன் எதுவும் சொல்லாமல்
இரண்டாவது டியூபை எடுத்தார்.
சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

பாணமை றோட்டில் அஞ்சரைக்கு
வளைவு கிறுகினதும் நின்றது:
ஒற்றை ஆனை, தார் நடுவில்,
எங்கேயும் போகிற எண்ணம் இல்லாமல்.
ஏழு பிரேக்கும் ஒன்றாய்க் கத்திற்று.
காதை விரித்து எங்களைப் பார்த்தது;
மறுகா எங்களை மறந்தது.
நாங்கள் மறக்கவில்லை.
பையின் ஸிப்பைப் பல்லுப் பல்லாய்த் திறந்தேன்.
ஒரு பிஸ்கட் பக்கற் ஏழு பேருக்கு,
மெல்லாமல் நாக்கில் ஊறவிட்டு, நாற்பது நிமிஷம்.
ரிஃப்கா விரலை நீட்டி
மஞ்சள் எழுத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.
பாலுக்கும் சேர்த்து வென்றவள் மாதிரி.

சப்வானைக் கேட்டால்
எந்த ஓட்டோ, யார் வாசகம் என்று சொல்லுவான்.
போன கிழமை ஸிப்பை மாற்றப் போய்
ஒரு மணித்தியாலம் கடையில் குந்தியிருந்தேன்.
கேட்கவில்லை.
அடுத்த மாதம் வாகரை.
டெரிக் இன்னும் வினையை விடவில்லை.