திகில் 14, உரிமைத்தொகை இல்லை

இரவு பதினொன்றரைக்கு
டொக்யார்ட் றோட்டில் மான்கள் இறங்கும்.
குப்பைத்தொட்டியடியில்
சொப்பிங் பையைக் கிழித்துத் தின்ற ஒரு கலைமானின்
குளம்பொலியைப் போனில் பிடித்து வந்து
நாலு மடங்கு மெதுவாக்கினேன்.
யாரோ மாடிப்படி ஏறுகிறான்.

திகில் 14 அப்படித்தான் தொடங்கும்.

அடியில் ஓடும் முனகல்
சீனன்குடாக் காட்டுக்குள் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கி.
துருப்பிடித்த ஓட்டைக்குள் தலையை விட்டு
"ஓய்" என்றேன்.
பதில் வர வெகுநேரம் ஆனது.
வந்தது என் குரலாகவும் இல்லை.

நெஞ்சடிப்பு, கிண்ணியாப் பாலம்.
பஸ்ஸின் சில்லு இணைப்புகளில் ஏறி விழும்
அந்த இரட்டைத் தட்டு.

கடலைப் போடவில்லை.
கோணேசர் மலைக்குக் கீழே அது நாள்முழுக்க அடிக்கிறது,
எங்களுக்கு அதில் நித்திரைதான் வரும்.

பகலில் நான் போன்களுக்கு உடைந்த திரை மாற்றுகிறவள்.
இரவில் இது.
யாரும் எடுக்கலாம், காசு வேண்டாம்,
பெயர் போட்டால் சந்தோஷம் என்று எழுதி விட்டேன்.
யாரும் போடுவதில்லை.

எந்த நாட்டிலோ என் மான்
கையுறை போட்டுக் கத்தியோடு நடக்கிறது.
பனி கொட்டும் ஊரில் ஒருவன்
ஏலத்தில் எடுத்த பெட்டியின் பூட்டை உடைக்கிறான்,
உள்ளே ஒற்றைச் சப்பாத்து.
மூதூர் பர்ஹாத் பிரியாணிச் சட்டியின் மூடியைத் தூக்குகிறான்,
அதற்கும் அதே தாங்கி முனகுகிறது.
சோறு குழைந்து போயிருந்தது.
நான் கேட்டதிலேயே சரியாகப் பொருந்திய இடம் அதுதான்.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு,
முடிக்கக் கூடாது.
கடைசிச் சுரம் வீட்டுக்குள் வந்துவிட்டால்
கேட்பவர் மூச்சை விட்டுவிடுவார்.
வாசற்படியில் நிறுத்தி
மறுபடி முதலில் இருந்து ஓட விட வேண்டும்.

ஒரு சத்தம் மட்டும் சேர்க்கவில்லை.
அடுத்த வீட்டு மங்களேஸ்வரி அக்காவின் கேற் கொண்டி.
காற்றுக்கு எழும்பும், விழும்.
அவ பூட்டுவதில்லை,
நான் பிறப்பதற்கு முதலே பூட்டுவதில்லையாம்.
துளி இரைச்சல் இல்லாமல் அழகாகப் பதிந்திருந்தது.
எந்தப் படத்திலும் ஆட்களைக் கதிரை நுனிக்குக் கொண்டுவரும்.
திரையில் அந்த அலையைப் பார்த்தபடி இருந்தேன்,
ஒரு மேடு, ஒரு பள்ளம்,
பிறகு நீளமான கோடு.
இதற்கு உரிமையாளர் இருக்கிறா.
அழித்துவிட்டேன் என்று சொல்ல ஆசை.
பெயரில்லாத ஒரு கோப்பாக மூலையில் கிடக்கிறது.

நேற்று கரண்ட் போனது.
விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது.
ஒழுங்கையில் குளம்பு.
மான் என்று தெரியும்,
இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு
வேறு யாருக்கும் தெரியாது.
ஆனாலும் காலைக் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில்
விளக்குக் கொளுத்தாமலே எழும்பி வந்து
அக்கா கேட்டா,
"ஆர் அது?"

மான் நின்றது.

பிறகு, கொண்டி