ஒரு பாரா

மார்ச் கடைசியில் மூன்று புத்தகம் எடுத்து வந்தேன்.
முதலாவது நாவல், நல்ல கனம்.
நாயகன் ஊர் திரும்புகிறான். மழை பிடித்துக்கொள்கிறது,
நாற்பது பக்கம் விடவேயில்லை.
தர்மபுரி வெயிலில் அதைப் படிக்கையில்
கதை ஓடவில்லை எனக்கு.
வீணாய்ப் போன தண்ணீரை
லிட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
வேலை அப்படி.
நல்லம்பள்ளியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும்
பாட்டிலில் வரும் போர்வெல் தண்ணீரில்
ஃபுளோரைடு எவ்வளவு என்று எழுதித் தருவது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நாயகி சிரித்தாள்,
முல்லை அரும்பு.
இரண்டு வரி தள்ளி வேலைக்காரி சிரித்தாள்,
துருப்பிடித்த பல்லைக் காட்டி.
அறையில் நான் மட்டும்தான்.
ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.
பிறகு புத்தகத்தையும்.

முடிவைக் கேட்காதீர்கள்.
செத்திருப்பான், அவ்வளவு நனைந்தவன்.

இரண்டாவது ஒரு நர்ஸின் தன்வரலாறு. எண்பதே பக்கம்.
சேலம் போகும் பஸ்ஸில் பிரித்தேன்.
தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்து
ஒரு மணி நேரம் நின்றோம்.
பக்கத்து சீட்டுக்காரர்
என்ன சரக்கு என்று பார்க்க இறங்கிப் போனார்.
நான் இறங்கவில்லை.
கணவனின் சட்டைகளைத் துவைத்து, காயவைத்து,
மடித்து அடுக்கிவிட்டு
அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் பக்கம் அது.
ஏன் மடித்தாள் என்று சொல்லவேயில்லை.
தக்காளி லோடாம், வந்து சொன்னார்.
சரிங்க என்றேன்.
ஏன் மடித்தாள்?

மூன்றாவது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் நினைவுகள்.
அறுநூற்று நாற்பது பக்கம்.
சென்னைக்கு முந்நூறு, டெல்லிக்கு நூற்றைம்பது,
மந்திரியை முறைத்துக்கொண்டதற்குத்
தண்டனையாய் வந்து சேர்ந்த எங்கள் ஊருக்கு
ஒரு பாரா.
"வறண்ட ஊர். எட்டு மாதம் இருந்தேன்.
குறிப்பிடும்படி ஒன்றுமில்லை."

நூலகப் புத்தகத்தில் எழுதுகிறவளில்லை நான்.
அன்று பென்சிலைத் தேடி எடுத்துவிட்டேன்.
ஓரத்தில் இடமில்லை.
எனக்கு முன்னால் யாரோ நீல மையில்,
சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்:
"ஐயா, எண்பத்தேழில்
எங்கள் தெருக்குழாய்க்குக் கையெழுத்துப் போட்டது
நீங்கள்தான். மறந்துவிட்டீர்கள்."

எந்தத் தெரு என்று எழுதவில்லை.

எண்பத்தேழில் எனக்கு ஐந்து வயது.
எங்கள் தெருவுக்கும் அந்த வருஷம்தான் குழாய் வந்தது.
அம்மா இரண்டு மைல் நடப்பது நின்றது.
திறந்தவுடன் கை குவித்துக் குடித்தோம், நானும் அண்ணனும்,
போட்டி போட்டுக்கொண்டு,
சட்டை நனைய நனைய.
பால்பல் விழுந்து மறுபல் முளைத்தபோது
பழுப்புக் கோடு போட்டுத்தான் முளைத்தது.

பென்சிலோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.
நன்றி சொன்னவர் மையில் சொல்லியிருக்கிறார்.
அதன் கீழே என் அளவை எழுதலாம்,
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று.
எழுதவில்லை.
எழுதாமலிருக்கவும் முடியவில்லை.
இப்படியே தவணை தாண்டிப்போனது.

அபராதத்துக்குச் சில்லறை எண்ணியபடி
நூலகர் மாதையன் கேட்டார்,
"பெரிய புக்காச்சே, எப்படிங்க இருந்துச்சு?"

ஒரு பாரா நல்லா இருக்குங்க என்றேன்.