மேல்தளத்துக்காரி

இரவு பதினொன்றுக்கு
ஸ்டூல் போட்டு ஏறி
சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன்.
தோசைக்கல்லை இறக்கிவைத்துக்
கால் மணி ஆன சூடு.
ஏசி பதினெட்டில் ஓடுகிறது.
மயூர் விஹார் முழுக்க ஓடுகிறது.
பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட்
என் கட்டில்மேல் கக்கிக்கொண்டிருக்கிறது.

மே மாத பில்:
எண்ணூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
கோமதிநாயகம் அதை நாலாய் மடித்து
முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார்.
உள்ளே போகவில்லை.
அங்கே ஏப்ரல் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதுகிறவள்.
ஃபீஸ் ரசீதின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்:
சுண்ணாம்பு, வெள்ளை சிமென்ட்,
இரண்டு டப்பா ஃபெவிகால், ஒரு நாள் கூலி,
ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை,
கதவடிக்குப் பழைய சைக்கிள் ட்யூப்.
ஒரு கோடையிலேயே போட்ட காசு திரும்பிவிடும்.
கணக்கு சரிதான்.
மொட்டைமாடிதான் என்னுடையது இல்லை.

நாலு வீட்டுக்கும் பொது.
தரைத்தளத்து பட்னாகருக்கு
நாற்பத்தாறு டிகிரி என்பது
செய்தித்தாளில் வருகிற விஷயம்.
"உங்கள் தலைமேல் வெயில்,
எங்கள் பையில் ஏன் கை?" என்றார்,
இந்தியில், மிகுந்த மரியாதையோடு.
முதல் மாடி தர்லோசன் சிங்
மிளகாய் காயப்போடும் மூலையை மட்டும்
விட்டுவிடச் சொன்னார்.
இரண்டாம் மாடிக்காரர் கனடாவில்;
எதைக் கேட்டாலும் கட்டைவிரல் அனுப்புவார்.
கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவள்
என்று பழமொழியை ஆரம்பித்த கோமதிநாயகம்
வைகுண்டம் வரை போகவில்லை.
பாதியில் பனியனைக் கழற்றப் போய்விட்டார்.

ஞாயிறு மதியம் செருப்போடு மேலே போனேன்.
செருப்பு ஒட்டியது.
வரிசையாக நாலு கறுப்புத் தொட்டிகள்.
பட்னாகருடையதைத் திறந்தேன்:
ரசம் நுரைகூட்டுகிற நேரத்து ஆவி.
அதே சாயங்காலம் அவர் குளியலறையிலிருந்து
ஒரு அலறல் மூன்று மாடி ஏறி வந்தது.
இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.
"தொட்டிகளுக்கும் சேர்த்து வெள்ளை பூசுகிறேன்."
துண்டோடு நின்றவர்
பிரஷ் என்ன விலை என்று கேட்டார்.

மஹ்தோ விடியற்காலை நாலரைக்கு வந்தார்.
எட்டு மணிக்குமேல் அங்கே முழங்கால் வைக்க முடியாது.
முதலில் விரிசல்களை அடைத்தார்.
பிறகு நெடுக்கே ஒரு பூச்சு,
மறுநாள் குறுக்கே ஒன்று.
கூலி வாங்கியபின்,
மிச்சமிருந்த அரை வாளியைக் காட்டி
"இது வேண்டுமா?" என்றார்.
அவர் வீட்டுக்குக் கூரை தகரம்.

அன்றிரவு மறுபடியும் ஸ்டூல்.
சீலிங் ஜில்லென்று இல்லை;
யாரும் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.
பள்ளிக்கு எடுத்துப் போகும் சப்பாத்தி
மதியம் டப்பாவில் இருக்கிற சூடு.
இருபத்தாறில் வைத்தோம்.
இரண்டு மணிக்கு ஏசியை அணைத்தபோது
மின்விசிறிக்கு இப்படியொரு முனகல் உண்டென்று
ஆறு வருஷத்தில் முதல்முறை தெரிந்தது.
ஜூன் பில்லை முருகனிடம் கொடுக்கவில்லை;
வருகிறவர் கண்ணில் படட்டும் என்று
சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறார்.

நேற்று எதிர்க்கட்டிடத்து நாலாம் மாடியிலிருந்து
ரச்னா போக்ரியால் கூப்பிட்டாள்.
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.
"அக்கா, பத்து மணியானால்
உங்கள் மாடியிலிருந்து ஒரு சூரியன்
என் அடுப்படிக்குள் வருகிறது."

நான் திருப்பியனுப்பிய வெயிலுக்கு
ஒரு விலாசம் இருக்கும் என்று
எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.
ரசீதை மறுபடி தேடியெடுத்தேன்.
மூங்கில் தட்டி ஒன்று,
ஐந்துக்கு நாலடி.
விலை விசாரிக்க வேண்டும்.