நுரை

நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்னால்
சிமெண்ட் தொட்டி. அதன் உள்சுவரில்
யாரோ சோப்பு நுரையை அப்பிவிட்டதாகத்தான் நினைத்தேன்.
"குச்சியால நோண்டாதீங்க சிஸ்டர், அது முட்டை"
என்றாள் பொங்கியம்மா,
துடைப்பத்தை உதறியபடி.

அடுத்த மழையன்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.
முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டு
பின்னங்கால்களால் கடைந்துகொண்டிருந்தது இன்னொரு தவளை.
மோர் கடையும் அதே நிதானம்.
விடியுமுன் போய்விட்டது.
இருநூறோ முந்நூறோ. எடை பார்க்கவில்லை,
தடுப்பூசி அட்டை இல்லை.
போனவளை யாரும்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு ஒன்றுதான்.
முப்பத்தெட்டு வாரம், ஏழு தையல்,
இரண்டு கிலோ அறுநூறு.
இப்போது செவ்வாய்ப்பேட்டையில்
நாத்தனார் மடியில் பவுடர் பால் குடிக்கிறான்,
இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே.
சனிக்கிழமை கடைசி பஸ்ஸில்
நான் அம்மா ஆகிறேன்.

இங்கே எவள் பிள்ளை வீறிட்டாலும்
என் ரவிக்கை நனைகிறது.
உடம்புக்கு விலாசம் தெரியாது.
வாஷ்பேசினில் பிழிந்துவிடுகிறேன்.
வெள்ளையாய்ச் சுழன்று இறங்குகிறது, கொஞ்சம் நுரையோடு.
அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறதென்று
கேட்டதில்லை.

மூன்று நாள் வெயில். நுரையின் மேல்தோல்
பழுப்பாய் முறுகிவிட்டது.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு
ஒரு மக் தண்ணீர் தெளித்தேன்.

பிறகு ஒரு ராத்திரி மழையில் அது கரைந்து
ஒவ்வொன்றாய்ச் சொட்டின தலைப்பிரட்டைகள்,
காற்புள்ளிகள் போல.
பசி வந்ததும் பாசியைச் சுரண்டின.
தட்டிக்கொடுக்க, ஏப்பம் விடவைக்க
ஒரு தோளும் தேவைப்படவில்லை.
எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வியாழக்கிழமை கொசுப்புழு மருந்தோடு
இன்ஸ்பெக்டர் தேவசகாயம் வந்தார்.
"இந்தத் தொட்டிக்கு?"
"ஊத்தியாச்சு சார்."
பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

பொய்க்கு வட்டியாக அன்று மாலை
டீ வடிகட்டியால் கொசுப்புழுவை மட்டும்
அரித்து அரித்து எடுத்தேன், ஒரு மணி நேரம்.
குனிந்ததில் மார் கட்டிக்கொண்டு வலித்தது.
வடிகட்டியில் தவறிச் சிக்கிய வால்களை
ஒவ்வொன்றாய்த் திரும்ப விட்டேன்.

ஈரக்கையைப் புடவையில் துடைப்பதற்குள் போன்.
வீடியோவில் அவன்.
என்னைப் பார்த்தானோ, வெளிச்சத்தைப் பார்த்தானோ,
வாயை அகலத் திறந்து
திரையைச் சப்பத் தொடங்கினான்.