வினிகருக்குப் பிறகு ஒரு நிமிடம்

சினசோங்வேயில், மீன் காயும் கம்பிவலைகளுக்குப் பின்னால்
எங்கள் கூடாரம்.
வெள்ளிக்கிழமை போட்டால் ஒருத்தியும் வரமாட்டாள்,
அன்றுதான் லாரி வரும், கபெண்டா எடை போடும் நாள்.
ஆகவே செவ்வாய்.

ஒரு மேசை, ஒரு திரை, நெற்றியில் மாட்டும் விளக்கு,
ஒரு போத்தல் வினிகர்.
பஞ்சில் தோய்த்து உள்ளே வைத்தபின்
ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.
கடிகாரம் பார்ப்பது என் வேலை.
பேசுவது அவர்கள் வேலை.

"வறுத்த உருளைக்கிழங்கு வாசம் அடிக்குது சிஸ்டர்,
காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை" என்றாள் லுயாண்டோ.
"என் புருஷனிடம் சொல்லிவிடாதே" என்றாள் இன்னொருத்தி;
எதை என்று சொல்லவில்லை.
ஒருத்தி தன் பிரசவங்களைக்
கடைக்குட்டியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போய்
மூன்றாவது பிள்ளையிடம் நின்றுவிட்டாள்.
அன்று மீதி நொடிகள் எனக்கு நகரவில்லை.

இளஞ்சிவப்பாகவே இருந்தால்
"எழுந்துகொள், மூன்று வருடம் கழித்து வா."
சிலருக்கு ஓரத்தில் வெள்ளை பூக்கும்,
நகக்கண் அளவு.
"இன்றைக்கே சுட்டுவிடலாம்" என்பேன்.
"மாட்டுக்குக் குறி போடுவதுபோலவா?" என்று சிரித்தவள்
சூடு பட்டபோது
என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்,
விட மறந்து, இறங்கும்வரை.

பினா மிசிங்கா வந்தது நேற்று.
முதல் முகாமின்போது அவளுக்கு வலை கிழிந்திருந்ததாம்.
இரண்டாவது முகாம் நடக்கவே இல்லை.
வண்டிக்கு டீசல் இல்லை என்று
பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

விளக்கைத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது.
வினிகர் தேவையில்லை.
ஆனாலும் பஞ்சைத் தோய்த்தேன்,
ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவள் படகுக்குப் புது விளக்கு வாங்கிய கதை சொன்னாள்,
கடைக்காரன் கேட்ட விலை, இவள் கேட்ட விலை,
எழுந்து நடந்து பாதி வழியில் அவன் கூப்பிட்டது,
அந்த வெளிச்சத்துக்கு மீன் எப்படிக் கொப்பளித்துக்கொண்டு வந்தது.
முள் இரண்டு சுற்று முடித்து
மூன்றாவதில் இருந்தது.
நான் நிறுத்தவில்லை.

அப்புறம் கையுறையைக் கழற்றினேன்.
லுசாகா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.
பஸ் கட்டணம் எவ்வளவு என்றாள்; சொன்னேன்.
மனசுக்குள் எதையோ விற்றுப் பார்ப்பது
முகத்தில் தெரிந்தது.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
'காத்திருந்த நேரம்' என்று.
எல்லோருக்கும் போலவே
ஒரு நிமிடம் என்று எழுதினேன்.

பிறகு அடுத்த மாத டீசலுக்காக
மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
யாரும் எடுக்கவில்லை.
திரும்பவும் போட்டேன்.