மேற்குக்கு முதுகு

பதகோனியாவில் காற்று மேற்கிலிருந்து வரும்.
பனிமலை ஏறி இறங்கி, ஏரியில் முகம் கழுவி,
துடைத்துக்கொள்ளாமல் வரும்.
குச்சியில் கிழிந்த மாவுச் சாக்கைக் கட்டி
மூன்று நாள் பார்த்தான் செஃபெரினோ.
நாலாம் நாள் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு.
"முதுகு இங்கே."

எனக்கு வாசல் சமையலறையைப் பார்த்து வேண்டும்.
பாத்திரம் தேய்க்கும்போது குதிரைகள் தெரியவேண்டும்.
"அது உன் சமையலறை என்று
மழைக்குத் தெரியாதே" என்றான்.
வடகிழக்கு என்று முடிவானது.
இந்தப் பாதி உலகில் வெயில் வடக்கே சாயும்,
குளிர்காலத்தில் ஒரு முழமாவது உள்ளே வரட்டும்.

எட்டுத் தூண். லெங்கா மரம்,
பட்டை உரித்து, அடிப்பக்கம் தீயில் கருக்கியது.
இடுப்பளவு குழி.
கடப்பாரை கல்லில் பட்ட இடமெல்லாம்
ஞாயிற்றுக்கிழமை சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னான்.
ஏழாவது குழியில் இரும்புக் கட்டிலின் கால்.
யார் படுத்ததோ.

உட்பக்கம் நெஞ்சளவுக்குத் தடித்த பலகை, உதைக்கு.
அதற்கு மேல் ஒவ்வொரு ஆணித் தலையையும்
கண்ணை மூடிக்கொண்டு தடவினான்.
குதிரையின் கண் அந்த உயரத்தில்தான் வரும்.
கூரைக்கு, மூடிய பள்ளிக்கூடத்தின் தகரம்.
பள்ளிப் பெயரின் கடைசி மூன்றெழுத்து
நீலத்தில், தலைகீழாக.

நாலாவது சுவர்? கேட்டேன். ஒரு கதவும் வைத்தால்?
"ராத்திரி இரண்டு மணிக்கு யார் திறப்பது?"
"நான்."
"துவெர்த்தா உன் பிஸ்கோவை மூலைக்கு ஒதுக்கிக் கடிக்கும்போது?"
துவெர்த்தா ஒற்றைக்கண்ணி. பிஸ்கோ பயந்தவன்.
நான் சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை முடிந்தது.
கூலியை வாங்கி, மிஞ்சிய பதினோரு ஆணியை
எண்ணி என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
ஆற்றைக் கடக்கப் போனான்.

அன்றிரவே காற்று.
வீடு மொத்தமும் பல்லைக் கடித்தது.
டார்ச்சோடு போனேன்.

மேட்டின் மேல், மொட்டை வெளியில்
இரண்டும் நின்றன,
மேற்குக்கு முதுகு காட்டி, வாலை இடுக்கி,
இமைமயிரில் மழை சொட்ட,
கொட்டகை என்ற ஒன்று
யாராலும் எங்கும் கட்டப்படவே இல்லை என்பதுபோல்.

திட்டினேன்.
பதினான்கு தகரம், எட்டுத் தூண், ஒன்பது நாள் கூலி,
வரிசையாகச் சொல்லிச் சொல்லித் திட்டினேன்.
பிஸ்கோ ஒரு காதைத் திருப்பியது.
அவ்வளவுதான்.

கொட்டகைக்குள் ஏதோ இருமியது.
ஒன்பது செம்மறி,
பக்கத்துப் பண்ணை உகார்த்தேயின் காது வெட்டு உள்ளவை.
அவற்றின் நடுவே, சேணத் துணியைப் போர்த்தி,
செஃபெரினோ.
"ஆறு ஏறிவிட்டது."
"கதவைத் தட்டியிருக்கலாமே."
"விளக்கு அணைந்திருந்தது."

ஓர் ஆட்டைத் தள்ளி உட்கார்ந்தேன்.
புதுப் பலகை வாசம், ஈரக் கம்பளி வாசம்.
காற்று தோளால் மேற்குச் சுவரை இடித்துப் பார்த்தது,
இன்னொரு முறை,
பிறகு சுற்றிக்கொண்டு போனது.
"ஒழுகவே இல்லை" என்றேன் பெருமையாக.
அவன் பக்கத்தில் கவிழ்க்காமல் வைத்திருந்த
தொப்பியை எடுத்துக் காட்டினான்.
பாதி நிறைந்திருந்தது.

விடியும்போது மழை நின்றது. காற்றும் நின்றது.
அப்போதுதான் துவெர்த்தா இறங்கி வந்தது,
நல்ல கண்ணை முன்னால் விட்டு.
தூணை முகர்ந்தது. ஓர் ஆட்டை. பிறகு என்னை.
பிறகு எங்கள் எல்லோரையும் வெளியேற்றியது.
கடிக்கவில்லை, உதைக்கவில்லை.
சும்மா உள்ளே வந்தது, அவ்வளவு அகலம் அதற்கு.
பிஸ்கோ வாசல் ஓரமாக,
தப்பிக்க வழி விட்டு, பாதி உடம்பை நுழைத்தது.

ஈரப்புல்லில் நின்றோம்
நானும் அவனும் ஒன்பது ஆடும்.
உள்ளே துவெர்த்தா மூன்றாம் தூணில்
பிட்டத்தை வைத்துத் தேய்த்தது,
நிதானமாக, தகரம் முழுக்க அதிர,
பழுப்பு மயிர் பலகையில் ஒட்ட ஒட்ட.

செஃபெரினோ தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"அரை விரல் போயிடுச்சு" என்றான்.
தொப்பித் தண்ணீரைக் கொட்டிவிட்டு,
அந்தப் பதினோரு ஆணி
அங்கேயேதான் இருக்கிறதா என்று கேட்டான்.